பத்துச் சிட்டிகைப் பெருங்காயம்

அந்த அம்மாளின் பெயரை நான் எழுதப் போவதில்லை. மறந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். முப்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு பந்தியில் எந்த இலையில் அப்பளம் விழவில்லை என்று கேட்டாலும் சொல்லுவேன். பெயரை விடுவதற்குக் காரணம் இருக்கிறது, பொறுமையாகப் படித்தால் தெரிந்துவிடும். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். நானே பொறுமையாக எழுதும்போது படிக்கிறவர்களுக்கு என்ன வந்தது?

பினாங்கில் எல்லோரும் அவரை டீச்சர் என்றார்கள். நான் டீச்சரம்மா என்றேன். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினவர் இல்லை. ஆபீஸில் கிளார்க்காக உட்கார்ந்து டைப் அடித்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்து வம்சம். ஜெலுத்தோங்கில் ஒரு வரிசை வீட்டின் பின்பக்கச் சமையலறையில் செவ்வாயும் வியாழனும் சமையல் வகுப்பு நடத்தினார்.

அவருக்குப் பிடித்த வார்த்தை ஒன்றே ஒன்றுதான். "அளவு?"

மிளகாய்த்தூள் டப்பாவைத் தொட்டால், "அளவு?" தண்ணீர்ச் செம்பைச் சாய்த்தால், "அளவு?" சுவரில் ஆணியடித்துக் கரண்டிகளைப் பெரிசு சிறிசாக வரிசையாக மாட்டியிருந்தார். அரிசிக்கு ஒரு பால் டின், பருப்புக்கு வேறொரு பால் டின். வதக்குவதற்கு அலாரம் கடிகாரம். மீன் துண்டின் கனம் பார்க்கப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கோடு போடுகிற அடிமட்டம். ஆம், அடிமட்டம்தான். வஞ்சிர மீன் செத்த பிறகும் பரீட்சை எழுதியதை நான் அங்கேதான் பார்த்தேன்.

நான் அப்போது நாற்பது வருஷம் சமைத்து முடித்தவள். திருநெல்வேலிப் பக்கம் எங்கள் தெருக் கல்யாணம் என்றால், சாம்பார் அண்டாவின் மூடியைத் திறந்து என்னிடம் ஒரு தரம் காட்டிவிட்டுத்தான் பந்திக்கு எடுப்பார்கள். நான் நாக்கில் வைத்துப் பார்க்கமாட்டேன். சாமிக்குப் படைக்கிறதோ மீன் குழம்போ, பந்திக்கு முன்னால் கரண்டியில் எச்சில் படக்கூடாது. மூக்கால் ஒரே இழுப்பு. "இன்னும் ஒரு கை உப்பு" என்பேன். ஒரு கை போட்டால் சரியாக இருக்கும். அப்படிப்பட்டவளைக் கடல் தாண்டிக் கூட்டிக்கொண்டுபோய்ச் சமையல் வகுப்பில் சேர்த்துவிட்ட புண்ணியவதி என் மகள் செல்வி.

அவளையும் குற்றம் சொல்ல முடியாது. கலியாணமாகி அந்த ஊருக்குப் போனவள், தலைச்சன் பிள்ளைக்கு ஐந்தாவது மாதம். மாப்பிள்ளைக்கு மாக் மண்டினில் தொழிற்சாலை வேலை. பக்கத்தில் ஆள் இல்லை என்று நான் பெட்டி நிறைய மிளகு, சுக்கு, வெந்தயம், பெருங்காயமெல்லாம் கட்டிக்கொண்டு போனேன். போன அன்றைக்கே ரசம் வைத்தேன். தாளித்த சத்தம் அடங்குமுன் செல்வி கழுவுமிடத்துக்கு ஓடினாள். மறுநாள் பருப்புக் குழம்பு, மறுபடியும் ஓடினாள். ஆஸ்பத்திரியில் எடை பார்த்துவிட்டு, இப்படியே இறங்கினால் படுக்கையில் சேர்த்துக் குழாய் மாட்ட வேண்டிவரும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

"அம்மா, கோவிச்சுக்காத" என்றாள் செல்வி. "டீச்சர் வீட்டு மீன் கறி மட்டும்தான் வயித்துல நிக்குது. அவங்க விக்க மாட்டாங்க. வகுப்புக்கு வந்து, நாமே சமைச்சு எடுத்துட்டுப் போகணுமாம். நீ போறியா?"

நான் கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் பேசவில்லை, அவ்வளவுதான். பிறகு தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வகுப்பில் என்னோடு மூன்று பேர். ஊர் சுற்ற வந்து டவுனில் ரூம் எடுத்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண். அடுத்த வரிசையில் பலகாரம் விற்கும் ஒரு சீன அம்மாள். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வரும் ஒரு தமிழ் அம்மாள். நடுவில் கிடக்கிற கடலுக்குப் பாலம் போட்டுச் சில வருஷமாகியும் படகில்தான் வருவார், படகில்தான் பேச ஆள் கிடைக்கும் என்று. அவர் காதில் காலையில் ஒரு சேதி விழுந்தால் சாயங்காலத்துக்குள் அது கடலைத் தாண்டி அக்கரையில் இறங்கியிருக்கும். அந்த வெள்ளைக்காரப் பெண் தங்கமானவள். எதைக் காட்டினாலும் "நைஸ்" என்பாள். வெங்காயம் நைஸ். அம்மிக்கல் நைஸ். பின்பக்கச் சாக்கடையைத் தாண்டும்போதும் நைஸ் என்றுதான் தாண்டினாள்.

எல்லோருக்கும் டைப் அடித்த தாள் கொடுத்தார் டீச்சரம்மா. நான் கண்ணாடியை மறந்துவிட்டதாகச் சொன்னேன். ஒவ்வொரு வகுப்பிலும் மறந்தேன்.

மசாலாவை வதக்கும்போது நான் கேட்டேன். "டீச்சரம்மா, பெருங்காயம் போடலையா? வெந்தயமாவது ரெண்டு?"

"அளவு?"

"ஒரு சிட்டிகை."

"சிட்டிகைன்னா எவ்வளவு, அக்கா? யாரோட விரல்?"

"என்னோட விரல்தான். பக்கத்து வீட்டு விரலையா கடன் வாங்குவாங்க?"

சீன அம்மாளுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். டீச்சரம்மா சிரிக்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளை விரித்து, என் இடுப்பிலிருந்த பெருங்காய டப்பாவைத் திறக்கச் சொல்லி, "பத்துத் தரம் எடுத்து வைங்க" என்றார். வைத்தேன். பத்துக் குட்டிக் குவியல். ஒவ்வொன்றையும் இருப்பதிலேயே சின்னக் கரண்டியில் எடுத்து, கத்தி முதுகால் வழித்து, குனிந்து கண்ணருகில் வைத்துப் பார்த்தார். அடுப்பில் மசாலா தீய்கிற வரைக்கும் பார்த்தார்.

"பத்தும் ஒண்ணா இருக்கு, லா" என்றார். அந்த ஊரில் பேச்சை லா போட்டுத்தான் முடிப்பார்கள்.

நான் முந்தானையை உதறிக் கட்டிக்கொண்டேன்.

"ஆனா நாளைக்கும் இதே விரல் இங்க வருமா?" என்று சொல்லி, தாளைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டார். என் பெருங்காயம், ஊரிலிருந்து கொண்டுபோனது!

அவரிடம் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. அவர் எதையும் நாக்கில் வைத்துப் பார்க்கமாட்டார். கறி கொதித்ததும் எங்கள் உள்ளங்கையில் ஆளுக்கு ஒரு சொட்டு விடுவார். "சொல்லுங்க, என்ன குறையுது?" என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்ப்பார். நாங்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு கரண்டியை எடுப்பார். அந்த ஊரில் நடந்துகொண்டே தின்கிற ஜனங்களுக்கு நடுவில் எச்சில் பார்க்கிற ஒரு மனுஷி இருக்கிறாரே என்று எனக்கு ஒரு மரியாதை. "டீச்சரம்மா ரொம்ப ஆசாரமோ?" என்று ஒருநாள் கேட்டேன். "அப்படித்தான், அக்கா" என்றார். நானும் நம்பினேன். எங்களைப் போல ஆசாரம் பார்க்கிறவர்கள்தான் இப்படி அழகாக ஏமாற முடியும்.

வியாழன்தோறும் மீன் கறி. தூக்குச் சட்டியில் கொண்டுபோனால் அன்றைக்கும் மறுநாளும் செல்வி சோறு தின்பாள். மற்ற நாளெல்லாம் பிஸ்கட்டும் தண்ணீரும். நான் வீட்டில் வைத்துப் பார்த்தேன். அதே மீன், அதே புளி, அளவெல்லாம் மனப்பாடம். சட்டி கொதிக்கும்போது என் கை சும்மா இருக்குமா? ஒரு சிட்டிகை போட்டு, நாலு வெந்தயம் தாளித்துக் கொட்டினேன். டீச்சரம்மா கறியைவிட நூறு மடங்கு நன்றாக இருந்தது. செல்வி ஒரு வாய் வைத்தாள். அப்புறம் கழுவுமிடம்தான்.

"என்ன போட்டே? என்னமோ மணக்குது" என்றாள்.

"மணக்காம? சமைச்சது நானாக்கும்."

அன்றைக்கு அவள் அழுதாள். பசியில் அழுதாள். எனக்குக் கோபம் டீச்சரம்மா மேல்தான் வந்தது. எதையோ தாளில் எழுதாமல் மறைக்கிறார் என்று நினைத்தேன். நினைத்தது சரிதான். மறைத்தது வேறு.

அடுத்த வியாழன் வெயில் கொளுத்தியது. புக்கிட் மெர்தாஜாம் அம்மாள் படகை விட்டுவிட்டார். டீச்சரம்மாவோ தாளில் போட்டிருந்த நேரத்துக்குச் சரியாகச் சந்தானை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து வைத்துவிட்டார். சந்தான் என்றால் தேங்காய்ப் பால். பசாரில் விடியற்காலையிலேயே பிழிந்து பிளாஸ்டிக் பையில் கட்டி விற்பார்கள். ஆள் வரட்டும் என்று இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். பை அடுப்புப் பக்கத்திலேயே வியர்த்துக்கொண்டு கிடந்தது. "எடுத்து வை" என்று தாளில் இருந்தது. "திரும்ப உள்ளே வை" என்று இல்லை. இல்லாததை டீச்சரம்மா செய்யமாட்டார்.

பிந்தி வந்த அம்மாள் மூச்சு வாங்கி முடித்ததும் சமையல் தொடங்கியது. மீன் கொதித்தது. டீச்சரம்மா பையை வெட்டிப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றினார். நான் அம்மியடியில் உட்கார்ந்திருந்தேன். புளித்த மாவும் நனைந்த சாக்கும் சேர்ந்த வாடை அங்கேயே வந்து என்னை அறைந்தது.

வழக்கமாகப் பாலை மோந்து பார்க்கிறது சீன அம்மாள். "சொல்லுங்க, எப்படி இருக்கு?" என்று மலாயில் கேட்டு டீச்சரம்மா அவரிடம்தான் நீட்டுவார். அன்றைக்கு அவர் ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டார். அதனால் கிண்ணம் வெள்ளைக்காரப் பெண்ணிடம் போனது. அவள் மோந்து பார்த்தாள்.

"வெரி நைஸ்!"

"டீச்சரம்மா" என்றேன், "நீங்க ஒரு தரம் மோந்து பாருங்களேன்."

என்னைப் பார்த்தார். கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனார். கோயிலில் கொடுத்த பூவை மோந்து பார்ப்பதுபோல் கண்ணை மூடி, நன்றாக இழுத்தார். "நல்ல மணம், லா" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உள்ளங்கையில் விட்ட சொட்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்த பார்வை, கரண்டி, கடிகாரம், அடிமட்டம். ஆசாரமாம், ஆசாரம்! அந்த அம்மாளுக்கு மூக்கே வேலை செய்யவில்லை.

"என்னங்க, ஏதோ புளிச்ச வாடை அடிக்குது?" என்று புக்கிட் மெர்தாஜாம் அம்மாள் எழுந்தார். மூக்கை உயர்த்திக்கொண்டு கிண்ணத்தைப் பார்த்து வந்தார். இன்னும் இரண்டு எட்டு. அவர் மோந்து பார்த்தால், டீச்சர் மோந்து பார்த்து "நல்ல மணம்" என்று சொன்ன கதை சாயங்காலப் படகில் ஏறிவிடும். அடுத்த வாரம் அந்த வகுப்பு இருக்காது.

எனக்கு இரக்கம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். வகுப்பு மூடினால் என் மகளுக்குச் சோறு இல்லை. அதனால் எழுந்தேன். நாற்பது வருஷத்தில் ஒரு சொட்டு எண்ணெய்கூடச் சிந்தாத இந்தக் கை, கிண்ணத்தை ஒரு தட்டுத் தட்டியது. பால் முழுவதும் தரையில் ஓடியது. கூடவே பாத்திரம் துலக்க வைத்திருந்த சாம்பல் பொடியையும் அள்ளிக் கொட்டினேன், துடைக்கிற சாக்கில்.

"அலமாக்!" என்று துள்ளினார் புக்கிட் மெர்தாஜாம் அம்மாள். "பாவம், அக்காவுக்குக் கை நடுங்குது. வயசாச்சில்ல? எங்க மாமியாரும் இப்படித்தான், எல்லாத்தையும் தட்டி விட்டுடுவாங்க."

வெள்ளைக்காரப் பெண் முதல் தடவையாக நைஸ் என்று சொல்லவில்லை.

"பாத்து செய்யக்கூடாதா, அக்கா?" என்று டீச்சரம்மாவும் சத்தம் போட்டார். "அளந்து வெச்சது!"

நான் வாயைத் திறக்கவில்லை. குனிந்து துடைத்தேன். என்னை அறிந்தவர்கள் யாராவது அங்கே இருந்திருந்தால் எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்திருப்பார்கள்.

அன்றைக்குப் பால் இல்லாமலே புளிக் கறியாக இறக்கினோம். தாளில் இல்லாத கறி. டீச்சரம்மா முகம் செத்துக் கிடந்தது. எல்லோரும் போன பிறகு நான் தூக்குச் சட்டியை மூடிக்கொண்டிருந்தேன்.

"அக்கா."

"சொல்லுங்க."

"உங்க கை பத்துத் தரம் எடுத்தாலும் மாறாத கை. நான் அளந்து பாத்திருக்கேன்." முந்தானையைக் கையில் சுருட்டினார். "அந்தக் கை சும்மா தட்டாது. பால் கெட்டுப்போச்சா?"

"ஆமா."

"ரொம்பவா?"

"கன்னுக்குட்டிகூடக் குடிக்காது."

முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல். பத்து நாளில் காய்ச்சல் போனது, போகும்போது மூக்கையும் கொண்டுபோய்விட்டது. நாக்கில் உப்பும் புளியும் கொஞ்சம் எட்டிப் பார்க்குமாம். மற்றதெல்லாம் வெந்நீர்தானாம். அதற்கு முன்னால் எப்படி இருந்தது என்பது மறந்துவிடுமோ என்று பயந்து, ராத்திரி பகலாக அளவுகளை டைப் அடித்து வைத்துக்கொண்டாராம்.

"பெருங்காயம் ஏன் போடலன்னு அன்னைக்குக் கேட்டீங்க" என்றார். "அது போட்டா கறி என்ன ஆகும்னு எனக்கு மறந்துபோச்சு, அக்கா. மறந்துபோனதுக்கு எப்படி அளவு எழுதுறது?"

தூக்குச் சட்டியின் மூடியைத் திறந்து மறுபடி மூடினேன்.

"புக்கிட் மெர்தாஜாமுக்கு இது…" என்று இழுத்தார்.

"அந்தப் படகுல நான் ஏறுறதில்ல" என்றேன்.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் இன்னொன்றும் புரிந்தது. மூக்கு இல்லாதவர் வைத்த கறியில் மூக்குக்கென்று ஒன்றுமே இல்லை. வெறும் உப்பு, புளி, உறைப்பு. என் மகள் வயிற்றுக்கு வேண்டியிருந்தது அதுதான். நான் நாற்பது வருஷமாகச் சேர்த்து வைத்த கெட்டிக்காரத்தனம்தான் அவளைப் பட்டினி போட்டிருக்கிறது. மறுநாள் டப்பாக்களையெல்லாம் கட்டி மேல்தட்டில் ஏற்றினேன். கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது. பால் டின்னில் அளந்து, கடிகாரம் பார்த்துக் கறி வைத்தேன். செல்வி இரண்டு தரம் சோறு வாங்கித் தின்றுவிட்டு, "அம்மா, இன்னைக்குத்தான் உனக்குச் சமையல் வந்திருக்கு" என்றாள். நாற்பது வருஷத்துக்குப் பிறகு கிடைத்த சர்டிபிகேட். சட்டம் போட்டு மாட்ட இடமில்லை.

சமையல் வந்த பிறகும் நான் வகுப்புக்குப் போவதை நிறுத்தவில்லை. அம்மியடியில் உட்காருவேன். ஏதாவது கெட்டிருந்தால் தும்முவேன். டீச்சரம்மா உடனே அதைக் கீழே கொட்டிவிட்டு, "அளவு தப்பிப்போச்சு, வேற எடுப்போம்" என்பார். "இந்த அக்காவுக்கு நம்ம ஊர்த் தூசு ஒத்துக்கல, லா" என்று புக்கிட் மெர்தாஜாம் அம்மாள் எனக்குத் தைலம்கூட வாங்கி வந்து கொடுத்தார். தேய்த்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் குழாய் மாட்டவில்லை. பெண் குழந்தை, நல்ல கனம். பத்தியமெல்லாம் முடிந்ததும் செல்வி கேட்ட முதல் சாப்பாடு என்ன தெரியுமா? "அம்மா, உன் ரசம் வை. பெருங்காயம் தூக்கலா."

அந்த நேரம் பார்த்து டீச்சரம்மா மீன் கறியோடு குழந்தை பார்க்க வந்திருந்தார். செல்வி ஒரு வாய் தின்றாள். "தப்பா நெனக்காதீங்க, டீச்சர். இப்ப என்னமோ சப்புன்னு இருக்கு. வாசமே இல்ல."

இந்தப் பேச்சைக் கேட்கத்தான் நான் ஐந்து மாதம் காத்திருந்தேன். தேடி வந்து காலடியில் விழுந்தது.

"ஏட்டி, பிள்ளை பெத்த உடம்பு, மூக்கு அடைச்சிருக்கும். பேசாமத் தின்னு" என்றேன். என் தட்டில் சோற்றைப் போட்டு, அந்தக் கறியை ஊற்றி, இரண்டு தரம் தின்றேன். "வாசம் தூக்குது, டீச்சரம்மா" என்றேன். வாழ்நாளில் நான் இன்னொரு பெண்பிள்ளையின் குழம்பைப் புகழ்ந்தது அந்த ஒருநாள்தான், அதுவும் பொய்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் ஒரு கட்டுப் பழுப்புத் தாளும் கத்திரிக்கோலுமாக வந்து நின்றார். தாளைச் சதுரம் சதுரமாக வெட்டியிருந்தார். எல்லாம் ஒரே அளவு, சொல்லவா வேண்டும்?

"உக்காருங்க, அக்கா. அந்த டப்பாவ எடுங்க. ஒவ்வொரு தாள்லயும் ஒரு சிட்டிகை."

"எத்தன?"

"நீங்க ஊருக்குப் போறவரைக்கும்."

நான் சிட்டிகை போட, அவர் மடித்தார். டப்பா காலியாகும்வரை போட்டேன். பிறகு வருஷா வருஷம் செல்வி ஊருக்கு வந்து திரும்பும்போது ஒரு பெட்டிப் பொட்டலம் கொடுத்தனுப்பினேன். எதற்கு என்று கேட்டாள். சொன்னதைச் செய் என்றேன்.

ஒரு தடவை அவள் அந்த மீன் கறித் தாளைக் கொண்டுவந்து காட்டினாள். புதிதாக டைப் அடித்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டினேன். மிளகாய்த்தூள், இரண்டு கரண்டி. புளி, அரை டின். கடைசி வரியில், பெருங்காயம், ஒரு அக்கா.

"இது என்னம்மா அளவு?" என்று செல்வி சிரித்தாள். "வகுப்புல கேட்டா, பொட்டலத்தப் பிரிச்சுக் காட்டுறாங்க."

"கறி மணக்குதா?" என்றேன்.

"தெருமுனை வரைக்கும் மணக்குதும்மா."

மணக்கட்டும். சமைக்கிற ஆளைத் தவிர எல்லோருக்கும் மணக்கட்டும்.